மாறாதவற்றை முதலில் அறிவித்தல்

ஒரு ஸ்தாபனத்தில் மாற்றம் செய்யப் புகும் நிருவாகி, புதிய முறையின் சிறப்புகளை விரித்துரைத்துவிட்டால் ஊழியர்கள் அதனை மனமுவந்து ஏற்றுக்கொள்வார்கள் என்று எண்ணி, படங்களும் அட்டவணைகளும் கொண்டு பெரிய விளக்கக் கூட்டமொன்றை நடத்தி முடித்து, யாருக்கேனும் சந்தேகம் உண்டா என்று கேட்டு, ஒருவரும் வாய் திறவாதது கண்டு, எல்லோருடைய சம்மதமும் கிடைத்துவிட்டதாகத் திருப்தி அடைந்து தம் அறைக்குத் திரும்புவது எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சி. அந்த மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டது அவருடைய முதல் பிழை. அங்கே அமர்ந்திருந்தவர்களுள் பெரும்பாலோர் புதிய முறையைப் பற்றிச் சிந்திக்கவேயில்லை. என் நாற்காலி என்ன ஆகும், என் சம்பளம் என்ன ஆகும், இருபது ஆண்டுகளாக நான் கற்ற வேலைக்கு நாளை மதிப்பு உண்டா, எனக்குக் கீழே இருந்தவன் எனக்கு மேலே வந்துவிடுவானா என்னும் கேள்விகளைச் சபையில் கேட்கக் கூசி, மனத்துக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மாலையில் தேநீர்க் கடையில் அவற்றை வாய்விட்டுக் கேட்டுக்கொள்வார்கள். பதில் சொல்லவேண்டியவர் அங்கே இல்லாததால் வதந்தி பதில் சொல்லும்.

இவ்வத்தியாயம் வற்புறுத்துவது ஒன்றே. மாற்றம் செய்ய விரும்புகிறவர் எது மாறப்போகிறது என்று சொல்வதற்கு முன்னால், எது மாறாமல் நிற்கும் என்று சொல்லிவிட வேண்டும். அதனையும் வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, பொதுவான ஆறுதல் வார்த்தையாக விடாமல் சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம், பதவி, மூப்புவரிசை என்று ஒவ்வொன்றையும் பெயர் குறித்து, எந்தத் தேதியில் இருந்த நிலை காக்கப்படும் என்பதையும் வரையறுத்துவிட வேண்டும். இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கும் ஜப்பானிய மோட்டார்க் கம்பெனிகளுக்கும் செல்வது நம் நிருவாக நூல்களில் சம்பிரதாயமாகிவிட்டது. அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமில்லை. மயிலாடுதுறையில் காரைக்கால் பேருந்து ஏறினால் போதும்.

காரைக்காலில் நடந்தது

அரசலாறு கடலோடு கலக்கும் இடத்தில், கிழக்கே வங்கக் கடலும் மற்ற மூன்று புறங்களிலும் பழைய தஞ்சை மாவட்டமும் சூழ, ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் அளவே கொண்ட காரைக்கால், 1739-ஆம் ஆண்டில் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, இடையிடையே ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டும் திருப்பிக் கொடுக்கப்பட்டும், 1817-ஆம் ஆண்டு முதல் 1954-ஆம் ஆண்டுவரை தொடர்ந்து பிரெஞ்சு நிருவாகத்தில் இருந்தது. எல்லையாக ஓடும் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தாலுகாவும் தாசில்தாரும் ஆங்கிலக் குறிப்பும். அந்தப் பக்கம் கொம்யூன் என்னும் நகரசபையும் மேர் என்னும் அதன் தலைவரும் பிரெஞ்சுக் குறிப்பும். இரு பக்கமும் ஒரே நெல், ஒரே தமிழ், பல குடும்பங்களில் ஒரே உறவுமுறை. மாற்றத்தைக் கண்டு மிரளாத ஊர் அது என்று வேடிக்கையாகச் சொல்லவும் இடமுண்டு. சனி பெயரும்போதெல்லாம் பரிகாரம் தேடி நாடெங்குமிருந்து மக்கள் வந்து குவியும் திருநள்ளாறு அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் மேலதிகாரி பெயர்ந்தால் குமாஸ்தாவுக்குப் பரிகாரத் தலம் எதுவும் கிடையாது.

1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி, புதுச்சேரிக்கு அருகிலுள்ள கீழூரில், காரைக்காலும் உள்ளிட்ட பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு இசைந்தனர். 8 பேர் மறுத்தனர். அக்டோபர் 21-ஆம் தேதி தில்லியில் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்தன. அக்டோபர் 31, ஞாயிற்றுக்கிழமை மாலை, காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது; மறுநாள் இந்தியக் கொடி ஏறியது. அதுவரை புதுச்சேரியில் இந்தியத் தூதரகத் தலைவராக இருந்த கேவல் சிங், முதல் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார். வாக்கெடுப்புக்கும் ஆட்சி மாற்றத்துக்கும் இடையில் பதினான்கே நாட்கள்.

இப்போது ஒரு கணம் அந்தக் கொடிக்கம்பத்தை விட்டுக் கண்ணைத் திருப்பி, காரைக்காலின் ஏதோ ஓர் அலுவலகத்தில், பிரெஞ்சில் குறிப்பெழுதி, பிரெஞ்சு முறையில் பதிவேடு வைத்து, பாரிஸில் இயற்றப்பட்ட ஆணைகளை மனப்பாடமாக அறிந்து, அவ்வறிவினாலேயே அந்த அறையில் மரியாதை பெற்றிருந்த ஒரு நடுவயதுக் குமாஸ்தாவின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். நாட்டுப்பற்று அவருக்கு நிறைய இருந்திருக்கலாம். ஊர்வலத்தில் அவரும் நடந்திருக்கலாம். ஆயினும் அவர் கைவசமிருந்த தொழில்ஞானம் முழுவதும் ஒரு மாலைப் பொழுதில் பழங்கதை ஆகிவிடக்கூடிய நிலை. மாற்றத்தை விரும்புகிற ஊழியனும் மாற்றத்துக்கு அஞ்சுவான் என்பதையும், விருப்பமும் அச்சமும் ஒரே நெஞ்சில் சண்டையின்றிக் குடியிருக்கும் என்பதையும் நிருவாகிகள் பெரும்பாலும் உணர்வதில்லை. எதிர்ப்பவர்களை மட்டும் கணக்கெடுத்து அவர்களைச் சமாதானம் செய்யப் போய், ஆதரிப்பவர்களின் அச்சத்தைக் கவனியாது விட்டதனால் கெட்டுப்போன மாற்றங்கள் பல.

அந்தக் குமாஸ்தாவுக்கு என்ன பதில் கிடைத்தது? 1956-ஆம் ஆண்டு மே 28-ஆம் தேதி கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கையில் அந்தப் பதில் இருக்கிறது. பிரான்ஸ் நாட்டுத் தாய்நிலப் பணிவரிசையையும் கடல்கடந்த பிரதேச அமைச்சின் பொதுப் பணிவரிசையையும் சேர்ந்தவர்கள் நீங்கலாக, இப்பிரதேசங்களின் சிவில் உத்தியோகஸ்தர்கள், ஊழியர்கள் எல்லோரையும் இந்திய அரசு தன் பணியில் ஏற்கும். சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றிலும், ஒழுங்கு நடவடிக்கை, பதவிப் பாதுகாப்பு ஆகியவற்றிலும் 1954 நவம்பர் முதல் தேதிக்கு உடனே முன்பு அவர்களுக்கு இருந்த உரிமைகளோ, மாறிய சூழ்நிலை இடம்தரும் அளவில் அவற்றை ஒத்த உரிமைகளோ தொடரும். அந்தத் தேதிக்கு முன் கடமையின்பொருட்டுச் செய்த எச்செயலுக்காகவும் எவரும் விலக்கப்படவோ அவர் முன்னேற்றம் பாதிக்கப்படவோ கூடாது என்பது அதன் சாரம். காவற் படையினரும் இவ்வுறுதிக்குள் அடங்கினர்.

நிருவாகம் பயில்கிறவர் இந்த வாசகத்தை ஓர் இலக்கணமாகவே கொண்டு பயிலலாம். முதலாவதாக, அது தேதி குறிக்கிறது. எந்த நாளின் நிலை காக்கப்படுகிறது என்பதில் பிற்பாடு வழக்கு எழ இடமில்லை. அடுத்து, பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணுகிறது. உங்கள் நலன் பேணப்படும் என்னும் மழுப்பல் அதில் இல்லை. யாருக்கு இவ்வுறுதி கிடையாது என்பதையும் மறைக்காமல் சொல்கிறது. விலக்கப்பட்டவன் தான் விலக்கப்பட்டதைக் கடைசி நாளில் அறிந்துகொள்ளும் கொடுமையைவிட, சேர்க்கப்பட்டவன் தான் சேர்க்கப்பட்டோமா என்று அறியாமல் தவிக்கும் தவிப்பே அலுவலகத்தின் வேலையை அதிகம் கெடுப்பது. இவை மூன்றையும்விட மேலானது, கழிந்ததைக் கிளறுவதில்லை என்னும் வாக்குறுதி. இணைப்பு இயக்கம் உச்சத்தில் இருந்தபோது பிரெஞ்சு அரசின் ஆணைப்படி கூட்டத்தைக் கலைத்த காவலரும், பழைய எசமானரின் கட்டளைப்படி கையெழுத்திட்ட உத்தியோகஸ்தரும், புதிய அரசின்கீழ் நிம்மதியாக வேலை செய்ய வேண்டுமானால் வேறு வழியே இல்லை.

உங்கள் அலுவலகத்துக்கும் இந்த உடன்படிக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் பேரேடுகளை நிறுத்திவிட்டுக் கணினியில் கணக்கெழுதுவது என்று தீர்மானமாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் எதிர்ப்புக்குக் கணினி தெரியாமை காரணம் என்று நிருவாகி எண்ணிப் பயிற்சி வகுப்பு நடத்துவார். உண்மையான காரணம் பல இடங்களில் வேறு: பழைய பேரேட்டின் இருப்பும் கிடங்கில் உள்ள இருப்பும் பல ஆண்டுகளாகவே பொருந்தவில்லை, கணினியில் ஏற்ற முற்பட்டால் அது வெளிப்படும், வெளிப்பட்டால் யார் தலையில் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த அச்சத்தைப் பயிற்சி வகுப்பு போக்காது. பின்வருவது போன்ற ஓர் அறிவிப்பு அதனைப் போக்கும்:

“வரும் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சரக்கு வரவு, செலவு, இருப்புக் கணக்குகள் கணினியில் எழுதப்படும். இதனால் எவருடைய அடிப்படைச் சம்பளமும், படிகளும், விடுப்புக் கணக்கும், மூப்புவரிசையும் இன்று உள்ள நிலையினின்று குறையமாட்டா. பேரேடு எழுதிவரும் மூவரும் அதே பிரிவில், அதே பதவிப் பெயரோடு இருப்பார்கள். மார்ச் 31-ஆம் தேதி முடிய உள்ள கணக்குகளில் காணப்படும் பிழைகளுக்காக, மோசடி என்று நிரூபிக்கப்பட்டாலன்றி, எவர்மீதும் நடவடிக்கை இல்லை. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் இருவருக்கு இவ்வுறுதி பொருந்தாது. அவர்களோடு இவ்வாரத்திலேயே தனியே பேசப்படும்.”

இதனை எழுதி, மேலிடத்தின் கையெழுத்துப் பெற்று, தமிழில், அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பின்னரே புதிய முறையை விளக்கும் கூட்டத்தைக் கூட்டுக. மேலிடம் கையெழுத்திட மறுத்தால் அதுவும் ஒரு செய்தியே. அவர்கள் காக்க விரும்பாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அதனை அறியாமல் ஊழியர் முன் போய் நின்று உறுதிமொழி கூறுவதைவிட, அறிந்துகொண்டு வாய் மூடியிருப்பது கௌரவம்.

தள்ளுவதும் தடை நீக்குவதும்

மனவியல் அறிஞர் கர்ட் லெவின், தாம் மறைந்த 1947-ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில், மாற்றத்தை மூன்று நிலைகளாகப் பிரித்தார்: உறைந்திருப்பதை இளக்குதல், நகர்த்துதல், புதிய நிலையில் மீண்டும் உறையச் செய்தல். நிருவாகப் பாடநூல்கள் இதனை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன இன்னொன்றை அலட்சியம் செய்துவிட்டன. ஒரு குழுவின் நடத்தை, முன்னே தள்ளும் சக்திகளும் பின்னே பிடித்து நிறுத்தும் சக்திகளும் சமன்பட்டு நிற்கும் நிலை; தள்ளும் சக்தியை மிகுத்தாலும் அது நகரும், தடுக்கும் சக்தியைக் குறைத்தாலும் நகரும்; ஆனால் முன்னதில் பதற்றம் ஏறும், பின்னதில் இறங்கும் என்பதே அது. சுற்றறிக்கை, எச்சரிக்கை, ஊக்கத்தொகை, காலக்கெடு எல்லாம் தள்ளும் வகை. மேலே கண்ட அறிவிப்பு தடையை நீக்கும் வகை. நம் நிருவாகிகளுக்குத் தள்ளுவதில் உள்ள ருசி மற்றதில் இல்லை. தள்ளுவது வெளியே தெரியும், தடை நீக்கினவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து மரியன் என்னும் ஊரில் இரவு உடை தைக்கும் ஹார்வுட் தொழிற்சாலையில் நடந்து, 1948-ஆம் ஆண்டு லெஸ்டர் காச், ஜான் பிரெஞ்ச் இருவரும் வெளியிட்ட ஆய்வு (இந்தப் பிரெஞ்சுக்கும் நம் கதையின் பிரெஞ்சுக்கும் உறவில்லை) இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. வேலைமுறை மாறியபோது ஒரு குழுவுக்கு மாற்றத்தை அறிவித்ததோடு சரி. இன்னொரு குழுவில் பிரதிநிதிகளை அழைத்துக் கலந்தார்கள். வேறு குழுக்களில் எல்லோரையுமே திட்டமிடுவதில் சேர்த்துக்கொண்டார்கள். அறிவிப்பு மட்டும் பெற்ற குழுவின் உற்பத்தி வீழ்ந்து எழவேயில்லை. முதல் நாற்பது நாட்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் வேலையை விட்டுப் போயினர். எல்லோரும் கலந்துகொண்ட குழுக்கள் விரைவில் பழைய நிலையை எட்டி, அதையும் கடந்தன.

நம் நாட்டிலேயே, அகமதாபாத்தின் காலிகோ ஆலையில், தானியங்கித் தறிகள் வந்தும் எதிர்பார்த்த பலன் கிட்டாதபோது, 1953-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ், ஒவ்வொருவனுக்கும் ஒரு துண்டு வேலை என்றிருந்ததை மாற்றி, சிறு குழு ஒன்றுக்குச் சில தறிகளின் முழுப் பொறுப்பு என்னும் யோசனையை முன்வைத்தார். யோசனையைக் கேட்ட தொழிலாளரே குழுக்களை அமைத்துக்கொண்டனர். யார் யாரோடு சேர்வது என்று மேலிருந்து ஒருவரும் சொல்லவில்லை. இயந்திரம் அதே இயந்திரம்; உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது.

கலந்தாலோசிப்பதென்றால் எல்லாவற்றையும் வாக்குக்கு விடுவது என்று யாரும் கொள்ளவேண்டாம். மாறாதவற்றை மேலிடம் உறுதிசெய்ய வேண்டும். மாறுவது எவ்வாறு மாறும் என்பதை வேலை செய்பவர்களிடம் விட வேண்டும். உடன்படிக்கையில் மொழி பற்றிய ஏற்பாடு இந்தப் பாகுபாட்டுக்கு அழகான உதாரணம். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் வேறுவிதமாகத் தீர்மானிக்கும் வரை பிரெஞ்சு மொழியே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று எழுதினார்கள். தில்லியும் சொல்லவில்லை, பாரிஸும் சொல்லவில்லை. அந்த மொழியில் மனு எழுத வேண்டியவர்களின் பிரதிநிதிகள் சொல்லட்டும் என்று விட்டார்கள். அவர்கள் 1965-ஆம் ஆண்டில் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றித் தமிழை ஆட்சிமொழியாக்கி, அதே ஆட்சியைச் சேர்ந்த மாகேயில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடம் தந்து, ஆங்கிலத்தையும் வைத்துக்கொண்டார்கள். கொடி மாறிப் பதினோராண்டுகள் கழித்து.

எதை உடனே, எதை மெல்ல

பதினான்கு நாளில் கொடி, பதினோராண்டில் மொழி என்னும் இந்த வேக வேறுபாடு, அலுவலகம் நடத்துகிறவருக்கு மிகவும் பயன்படும் பாடம். தலைமை யார், ஆணை எங்கிருந்து வருகிறது என்பவை ஒரே நாளில் மாறின. இவற்றில் இழுபறி ஆபத்து. கையால் செய்யும் வேலையும், கோப்பும், சட்டமும் மெல்ல மாறின. பழைய சட்டங்கள் நீடிக்கும் என்பதே முதல் நாளின் பொதுவிதி. சில மத்தியச் சட்டங்களை மட்டும் அப்போதே நீட்டித்தார்கள். 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி சட்டபூர்வ இணைப்பு நிறைவேறியபின், 1963-இல் ஒரு தொகுதிச் சட்டங்களும், 1968-இல் இன்னொரு தொகுதியும் வந்தன. 1880-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு ஆணையின் வழிவந்த நகரசபை முறை, 1973-ஆம் ஆண்டுச் சட்டங்கள் 1974 ஜனவரி 26-ஆம் தேதி நடைமுறைக்கு வரும் வரை இருந்தது. அப்போதும் எல்லைகளைக் கலைக்கவில்லை. காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருநள்ளாறு என்று 1907-இல் வகுத்த ஆறு கொம்யூன்களே, ஒரு நகராட்சியும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளுமாக இன்றும் இருக்கின்றன. காவலரின் சிவப்புத் தொப்பியும் போகவில்லை. தொப்பியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் சீருடை அணிந்து ஒரு நாளும் வேலை செய்யாதவர்கள். ஊழியர்கள் பெருமையோடு பற்றிக்கொண்டிருக்கும் அடையாளம் ஒன்று உங்கள் அலுவலகத்திலும் இருக்கும். ஒரு முத்திரையாகவோ, ஆயுதபூஜைக்கு மாலை சார்த்தும் ஒரு பழைய இயந்திரமாகவோ இருக்கும். அதனால் வேலைக்குக் குந்தகம் இல்லையேல் அதைத் தொடாதீர்கள்.

ஆனால் மெல்ல மாற்றுவதும் முடிவின்றி இழுப்பதும் ஒன்றல்ல. 1956-இல் கையெழுத்தான உடன்படிக்கைக்குப் பிரெஞ்சுப் பாராளுமன்றத்தின் அங்கீகாரம் 1962-இல்தான் கிடைத்தது. அந்த இடைக்காலம் முழுவதும் ஆட்சி இந்தியாவினுடையது, சட்டப்படி மண் பிரான்சினுடையது. தான் எந்நாட்டுப் பிரஜை என்னும் கேள்விக்கு ஒரு காரைக்கால்வாசி திட்டமாக விடை சொல்ல முடியாத காலம் அது. பின்னர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் தவணை தரப்பட்டது. எட்டு ஆண்டுகள் காக்க வைத்துவிட்டு ஆறு மாதத்தில் தீர்மானி என்று சொன்ன அந்த ஏற்பாட்டை நான் முன்மாதிரியாகக் காட்டமாட்டேன். பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் காலம் எந்த மாற்றத்திலும் உண்டு. அதற்கு முடிவுத் தேதி வேண்டும், அந்தத் தேதி முதல் நாளிலேயே தெரிந்திருக்கவும் வேண்டும். பேரேடும் கணினியும் மூன்று மாதம் சேர்ந்து நடக்கும் என்று சொல்லிவிட்டு மூன்றாண்டு நடத்தினால், இரண்டிலும் நம்பத்தக்க கணக்கு இராது.

எல்லைக்கு அப்பால் ஒரு நவம்பர்

வாய்க்காலின் இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 1980-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வேறொரு மாற்றம் வந்தது. கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த கர்ணம், முன்சீப் முதலிய பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள், இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டவை, ஓர் அவசரச் சட்டத்தினால் ஒரே நாளில் ஒழிக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் கிராம நிருவாக அலுவலர்கள் நியமிக்கப்படுவர் என்று அறிவிக்கப்பட்டது. பரம்பரைப் பதவி என்பது ஜனநாயகத்துக்குப் பொருந்தாது என்பதிலும், கிராமத்தில் சில குடும்பங்களின் ஆதிக்கத்துக்கு அப்பதவி துணைநின்றது என்பதிலும் எனக்கு மாறுபாடில்லை. உச்ச நீதிமன்றமும் 1982-இல் அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஆனால் மாற்றத்தின் நியாயம் வேறு, மாற்றும் முறையின் நியாயம் வேறு. அடங்கலிலும் சிட்டாவிலும் எழுதப்பட்டது பாதி; எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் பாயும், எந்த மனையின் எல்லைக்கல் எந்த ஆண்டு வெள்ளத்தில் புரண்டது, எந்தப் பட்டாவில் இறந்தவர் பெயர் இன்னும் இருக்கிறது என்பதான மறுபாதி கர்ணத்தின் தலைக்குள் இருந்தது. பதவி பறிபோன மனிதரிடமிருந்து பதிவேட்டை வாங்கிவிடலாம். தலைக்குள் இருப்பதை வாங்க முடியாது. காரைக்காலில் பிரெஞ்சுக் கோப்பின் மர்மம் அறிந்த குமாஸ்தா அதே நாற்காலியில் இருந்ததால், கோப்பின் உயிர் அலுவலகத்திலேயே தங்கியது.

ஆதலால் ஒரு பதவியை ஒழித்தே தீரவேண்டிய சந்தர்ப்பத்திலும், பதவியை ஒழிக்கும் நாளையும் ஆளை அனுப்பும் நாளையும் ஒன்றாக வைக்காதீர்கள். இடையில் ஒரு பருவமேனும் அவரைப் புதியவருக்குப் பக்கத்தில் அமர்த்தி, அதற்குரிய ஊதியமும் மரியாதையும் கொடுங்கள். செலவு என்று கணக்குப் பிரிவு சொல்லும்; சொல்லட்டும்.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே சேர்க்கலாம். யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகம் தனியாரிடம் ஒப்படைக்கப்படும் என்று மத்திய அரசு 2020-ஆம் ஆண்டு மே மாதம் அறிவித்தது. 2022 செப்டம்பர் இறுதியில் புதுச்சேரி அரசு அதற்கு ஒப்பந்தப்புள்ளி கோரியதும் மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, பல பகுதிகள் இருளில் மூழ்கின. தனியார்மயம் நன்றா தீதா என்பது இந்நூலின் விஷயம் அன்று. அரசு ஊழியனாகச் சேர்ந்தவன் நாளை யாருடைய ஊழியன் என்னும் கேள்வி இரண்டாண்டுக்கு மேல் அந்த அலுவலகங்களில் உலவியது என்பதும், அவர்கள் நம்பி ஏற்கத்தக்க எழுத்துமூலமான பதில் ஒப்பந்தப்புள்ளிக்கு முன்னால் அவர்கள் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பதுமே நாம் கவனிக்கத்தக்கவை.

உறைந்ததா என்று பார்த்தல்

லெவினின் மூன்றாம் நிலைதான் மிகவும் கைவிடப்பட்டது. புதிய முறை சட்டமாகிவிட்டால், அல்லது சுற்றறிக்கை ஆகிவிட்டால், வேலை முடிந்தது என்று நிருவாகிகள் அடுத்த திட்டத்துக்குத் தாவிவிடுகிறார்கள். இதற்கும் உதாரணம் காரைக்கால் பிரதேசமே தருகிறது. முற்பகுதியில் நான் புகழ்ந்ததைச் சமன்செய்வதற்காகவேனும் இதனைச் சொல்லியாக வேண்டும்.

கீழூரில் வாக்களித்த 178 பேருள் நகரசபை உறுப்பினர்களும் இருந்தனர் என்று சொன்னேன். இணைப்பைத் தீர்மானித்ததில் பங்குகொண்ட அந்த மன்றங்களுக்கு இணைப்புக்குப் பின் நேர்ந்தது இது: 1968-ஆம் ஆண்டு, பழைய பிரெஞ்சு முறையின்கீழ், ஒரு தேர்தல் நடந்தது. 1974-இல் புதிய நகராட்சிச் சட்டமும் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் நடைமுறைக்கு வந்தன. பழைய முறை போயிற்று. புதிய முறை காகிதத்தில் செம்மையாக இருந்தது. ஆனால் அச்சட்டத்தின்கீழ் நடக்கவேண்டிய தேர்தல், 2006-ஆம் ஆண்டுவரை நடக்கவேயில்லை. ஒரு தேர்தலுக்கும் மறு தேர்தலுக்கும் இடையில் முப்பத்தெட்டு ஆண்டுகள்; அவற்றுள் நெடுங்காலம் மக்கள் பிரதிநிதிகளின் இடத்தில் அதிகாரிகளே இருந்து ஊர்க்காரியங்களை நடத்தினர். 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தபின், அடுத்த தேர்தல் பத்தாண்டு கடந்தும் வரவில்லை. ஊழியர் விஷயத்தில் அத்தனை கவனமாக நடந்த ஒரு மாற்றம், மக்கள் மன்றத்தின் விஷயத்தில் இப்படித் தோற்றதற்கு அரசியல் காரணங்கள் பல சொல்லப்படும். நிருவாகக் காரணம் எளிது: பழையதை நிறுத்தும் நாளுக்குப் பொறுப்பாளர் இருந்தார்; புதியது ஓடுகிறதா என்று பார்க்கும் நாளுக்குப் பொறுப்பாளர் இல்லை.

உங்கள் திட்டக் கோப்பின் கடைசிப் பக்கத்தில், மாற்றம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து ஆறாம் மாதத்துக்கு ஒரு தேதியும், பன்னிரண்டாம் மாதத்துக்கு ஒரு தேதியும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருவர் பெயரை, பதவியை அன்று, பெயரையே, எழுதி வையுங்கள். அந்த நாளில் அவர் அறிக்கை எதையும் கேட்க வேண்டாம். நேரே போய்ப் புதிய பதிவேட்டைத் திறந்து, முந்தின நாளின் பதிவு அதில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். மேசை இழுப்பறையில் பழைய பேரேடு இன்னும் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். இருந்தால் கோபித்துக்கொள்ளாமல், அது ஏன் இன்னும் வேண்டியிருக்கிறது என்று அதை எழுதுகிறவரிடமே கேட்டு, அவர் சொல்லும் குறையைப் புதிய முறையில் சரிசெய்து தாருங்கள்.

கோப்பை மூடுவது அதன் பிறகு.